வாடகைத் துவக்கு

கிழமையில் ஐந்து நாள்
ஸ்ரான்லி வீதி லீசிங் கொம்பனியில்
நான் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான்:
"வாடகை குடுத்துக் குடுத்து என்ன மிஞ்சினது அண்ணை?
அதே காசைத் தவணையாய்க் கட்டுங்கோ,
நாலு வருசத்தில ஓட்டோ உங்கட பேரில."

ஞாயிறு காலை
பாசையூரில், கைவிட்ட ஐஸ் கொம்பனி வாசலில்
றெஜினோல்ட் ஒரு கொப்பித் தாளை நீட்டுகிறான்.
துவக்கு, மணித்தியாலத்துக்கு எழுநூற்றைம்பது.
முகக்கவசம் இருநூறு.
குண்டு, பக்கற் முந்நூறு.
உடைத்தால் உடைத்தவர் பொறுப்பு.
அதற்குக் கீழே சிவப்பு மையில்:
பட்டால் பொய் சொல்லக் கூடாது.

குண்டென்றால்
ஆறு மில்லிமீற்றர், வெள்ளை,
பாயாசத்துக்குப் போட மறந்த சவ்வரிசி.

முதல் ஞாயிறு எனக்குக் கிடைத்த முகக்கவசத்துக்குள்
ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.
அவருடைய வேர்வை, அவருடைய சிகரெட்,
மீசைக்குப் பூசிய ஏதோ எண்ணெய்.
மூச்சு விட்டேன், கண்ணாடியில் புகார் மூடியது.
புகாருக்குள் நின்று ஒரு தூணைச் சுட்டேன்.
தூண் கை தூக்கவில்லை.
பின்னாலிருந்து யாரோ என்னைச் சுட்டார்கள்,
நுளம்பைவிடக் கூட, குளவியைவிடக் குறைய.
நடுவர் இல்லை. பார்த்தவரும் இல்லை.
பட்டதை நான்தான் சொல்ல வேண்டும்.
கையை உயர்த்தி "பட்டிட்டுது" என்றேன்.
வெளியே போய் வாங்கில் இருந்து
சோடா குடித்தேன்.
செத்த பிறகு சோடா நல்ல குளிர்.

நாலாம் ஞாயிறு கணக்குப் பார்த்தேன்,
என் தொழில் அதுதானே.
ஞாயிற்றுக்கு இரண்டு மணித்தியாலம், மாதம் நாலு ஞாயிறு,
துவக்குக்கு மட்டும் ஆறாயிரம்.
கொழும்பில் துசியந்தியின் ஆள் சொன்ன விலை
எழுபத்தெட்டாயிரம்.
பதின்மூன்று மாதம்.
பதினாலாம் மாதத்திலிருந்து சுடுவதெல்லாம் லாபம்.
எதிரே இருப்பது வேறு ஆள் என்றால்
இந்நேரம் கையெழுத்து வாங்கியிருப்பேன்.

வசந்தரூபன் வாங்கிவிட்டான்.
மூன்றாம் கிழமையே மோட்டர் இறுகிவிட்டது.
இப்போது ஞாயிறு முழுக்க
மேசையில் ஸ்பிறிங், பல்லுச்சில்லு, கிறீஸ்,
உள்ளே நாங்கள் ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி
ஒரு ஸ்குறூவைத் தேடுகிறான்.
ஆனாலும் அவன்தான் எங்களில்
மிகச் சந்தோசமான ஆள் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிரச்சினை மோட்டர் இல்லை.
வாங்கினால் எப்படிக் கொண்டு வருவது?
பஸ்ஸிலா, றெயினிலா?
கேட்டால் காட்ட ஒரு கடிதம் வேணும்,
அந்தக் கடிதம் எடுக்க இன்னொரு கடிதம் வேணும்.
வந்து சேர்ந்தாலும்
அது எங்கே படுக்கும்?
அலுமாரியில் சீலைகளுக்குக் கீழேயா?
கட்டிலுக்கடியில் அரிசி வாளிக்குப் பக்கத்திலா?
ஒரு நாள் அம்மா கூட்டும்போது
தும்புத்தடியில் தட்டுப்படும்.
"விளையாட்டுச் சாமான் அம்மா, பிளாஸ்ரிக், பற்றறி" என்று
நான் சொல்லி முடிக்கிற
அந்த நாலு செக்கனைக் கட்டித் தீர்க்க
எங்கள் கொம்பனியில் தவணைத் திட்டம் இல்லை.

ஆகவே முகத்தை மட்டும் வாங்கினேன்.
ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
வாய்க்குக் கம்பிவலை, கண்ணுக்குப் புகாரடிக்காத கண்ணாடி.
உட்பக்கம் மாக்கரால் என் பெயர்.
முதல் மூச்சில்
என்னைத் தவிர உள்ளே ஒருவரும் இல்லை.

ஆட்டம் முடிந்தால்
துவக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
றெஜினோல்ட் எண்ணுவான்.
ஒன்பது, பத்து, பதினொன்று.
முன்பு ஐஸ் அடுக்கிய அறைக்குள் வைத்துப்
பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பான்.
அந்த இரண்டாவது இழுப்புக்குத்தான்
நான் வாடகை கொடுக்கிறேன்.

ஸ்கூட்டியின் முன்கூடையில் முகக்கவசம்.
சந்தியில் மறித்த பொலிஸ்காரர்
கம்பிவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம்.
"வெல்டிங்?" என்றார்.

"வெல்டிங்" என்றேன்.

சிவப்பு மையில் எழுதியிருந்தது
பட்டால் மட்டும்.