மூன்றாவது புரூஃப்

பாளை மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் அச்சகம்.
ஆறுமுகநயினார் அண்ணாச்சிக்கு நோட்டீஸ்
ஐயாயிரம், மஞ்சள் தாள்.

முதல் புரூஃபில்
‘ஆற்று மணல் அள்ளுவதை நிறுத்துவேன்.’
சாயங்காலம் போன்:
“நிறுத்துவேன் வேண்டாம்ல,
முறைப்படுத்துவேன்னு போடு.”
ராத்திரி பத்தரைக்கு மறுபடியும்:
முறைப்படுத்த ஆவன செய்வேன்.

ஆயிரம் பீடிக்கு ரூ.450 கூலி
என்றிருந்ததில் எண்ணை அழித்து
‘நியாயமான’ என்று அடித்தேன்.
அந்தச் சொல்லுக்கு அகலம் கூடுதல்.
வரி இறங்கி வரி இறங்கி
அரியநாயகிபுரத்துப் பாலம்
பின்பக்கம் போய்விட்டது.

முக்கூடலில் மதினி
பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமல்
இரண்டு பக்கமும் பார்த்தாள்.
“எவ்வளவுன்னு போடலியே?”
மை தீர்ந்துபோச்சு என்றேன்.

முதல் புரூஃபைக் கிழிக்கவில்லை.
அவர் இன்னும் தராத பாக்கிப் பில்லோடு
கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன்.