ஒரு கிலோ, இரவல்

அலமாரிக் கதவில் மூன்று ஒட்டுத்தாள்கள்,
ஒன்றின் மேல் ஒன்று.
அடியில் இருப்பது மாஸ்,
நான் வேலைக்கு வந்த வருஷம் ஒட்டியது.
அதன் மேல் ஜிசிம்.
போன வருஷம் மறுபடியும் மாஸ்.
இருமொழித் திட்டமாம்.
கொள்கை மாறும் போதெல்லாம்
கோந்து வாங்கியவள் நான்.
உள்ளே கிடக்கும் பித்தளைக் குண்டு
தன் பெயர் என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை.

பகாவ் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில்
இருபத்து மூன்று வருஷமாய்க் குடுவை கழுவுகிறேன்.
படிவம் நான்கில் இயற்பியலுக்கு
இம்முறை எட்டுப் பேர்.

சுற்றறிக்கையின் முதல் பத்தி சொல்கிறது:
நாட்டுக்கு அறிவியல் மாணவர்கள் போதவில்லை.
மூன்றாம் பத்தி சொல்கிறது:
பதினைந்து பேர் இல்லாத வகுப்புகள்
வரும் ஆண்டிலிருந்து இணைக்கப்படும்.
கோலப் பிலாவுக்கு முதல் பேருந்து ஐந்து நாற்பதுக்கு.
இரண்டாம் பத்தியில் யாருக்கோ நன்றி.

அன்றைக்குச் சிக்கு நோர்லைலா நடத்தியது கிலோ.
பாரிஸ் பக்கம் ஒரு நிலவறையில்
கண்ணாடிக் கூண்டுகளுக்குள் ஓர் உலோக உருளை இருந்ததாம்.
நூறு வருஷம் கழித்து
அதன் நகல்களோடு நிறுத்துப் பார்த்தால்
ஐம்பது மைக்ரோகிராம் வித்தியாசம்.
இளைத்தது அதுவா, பருத்தவை இவையா?
சொல்ல வழியில்லை,
ஏனென்றால் அதுதான் கிலோ.
அதனால் உருளைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு
யாரும் தொட முடியாத ஓர் எண்ணில்,
பிளாங்க் மாறிலியில், கிலோவைக் கட்டிவிட்டார்கள்.

மணி அடித்த பிறகும் போகாமல் நின்றாள் ருபினேஸ்வரி.
"அக்கா, நான்தான் கிலோன்னு சொல்ற தராசு
எங்க தாமான் முனையிலயும் ஒண்ணு இருக்கு."

சந்திரகாசனின் கொள்முதல் கொட்டகை.
அவள் அம்மா செம்பனை உதிரிப்பழம் பொறுக்கி
நாளுக்கு இரண்டு மூட்டை போடுகிறாள் அங்கே.

இரவல் பதிவேட்டைத் திறந்தேன்.
பொருள்: எடைக்குண்டு, ஒன்று.
காரணம்: பரிசோதனை.
மேலும் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

மறுநாள் நோட்டோடு வந்தாள்.
அளவீடு ஒன்று: 0.95
அளவீடு இரண்டு: 0.95
அளவீடு மூன்று: 0.95
சராசரி வேறு போட்டிருந்தாள், மதிப்பெண்ணுக்குப் போடுவது போல.
"காத்தும்மா, ஃபேன் காத்து" என்றாராம் சந்திரகாசன்,
மின்விசிறியை நிறுத்தாமலே.
முப்பது கிலோ மூட்டைக்கு ஒன்றரை கிலோ காற்று.
அடியில் கோடிட்டு எழுதியிருந்தாள்:
பிழை தற்செயலானது அல்ல. முறையானது.

பாரிஸில் ஐம்பது மைக்ரோகிராமுக்கு
உலகம் கூடி வாக்களித்தது.
இங்கே ஐம்பது கிராம்.
பத்து லட்சம் மடங்கு.
கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்,
எனக்குச் சுழியங்கள் மேல் நம்பிக்கை குறைவு.

புகார் எழுதினார்களா என்று கேட்காதீர்கள்.
அம்மா வேண்டாம் என்றாளாம்,
மற்ற கொட்டகைக்குப் பதினோரு கிலோமீட்டர்,
மோட்டார் சைக்கிள் அண்ணனிடம்.
ஆனால் புதன்கிழமை
குண்டோடு எட்டுப் பேரும் போய் நின்றிருக்கிறார்கள்,
ஹசீராவும் வெய் ஷெங்கும்கூட,
சீருடையில், நோட்டோடு, ஒன்றும் பேசாமல்.
அன்று தராசு 1.00 காட்டியது.
வியாழன் யாரும் போகவில்லை.
வியாழனின் அளவீடு எங்களிடம் இல்லை.

டிசம்பரில் மாவட்ட அலுவலகத்திலிருந்து லோரி வரும்.
மாற்றப்படும் பொருள்களின் பட்டியலை
என்னையே தட்டச்சுச் செய்யச் சொன்னார்கள்.
அலைவுகாட்டி இரண்டு, பழுது.
குழியாடி பதினான்கு.
வில்தராசு ஒன்பது.
எடைக்குண்டு வரிசை வந்தபோது
விரல் ஒரு வரி தாண்டிவிட்டது.

தற்செயல் பிழை.