பன்னிரண்டு பேருக்கு ஆன செலவு

கடையில் ஒரு டப்பா வீரர்கள் அறுநூறு ரேண்ட்.
மாதம் முழுக்க மின்சாரத்துக்கு
நான் போடுவதே அவ்வளவுதான்.
ஆகவே கம்பி.

மெரிபேங்க் சாலையோரம் டெலிபோன்காரர்கள்
வெட்டிப் போட்டுப் போனது.
தோலை உரித்து முறுக்கினால் முதுகெலும்பு.
குழாய் ஒழுகலை அடைக்கிற பசையைப்
பட்டாணியளவு பிசைந்து அப்பினால் தொடை, தோள்.
இருபது நிமிடத்தில் இறுகிவிடும்.
அதற்குள் முழங்கால் மடங்க வேண்டும்.
முதலில் செய்த நால்வருக்கு மடங்கவில்லை,
கல்யாண போட்டோவுக்கு நிற்பவர்கள் மாதிரி
விறைத்தே நிற்கிறார்கள், இன்றைக்கும்.

காலடிக்கு, ரொட்டிப் பையைக் கவ்வியிருக்கும்
பிளாஸ்டிக் கிளிப்.
ரூய்போஸ் டீயின் சக்கையைக் காயவைத்துத் தூவினால்
மலைச் செம்மண்.
தூரிகை, கோகி கண்மை தீட்டுவது.
கேட்காமல் எடுத்தேன்.
‘கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா?’ என்றாள்.

பெயிண்ட் கடையில் மாதிரிக் குப்பி மூன்று.
காக்கி இல்லை, மஞ்சளில் ஷூ பாலிஷைக் குழைத்தேன்.
கெர்ஹார்ட் இரக்கப்பட்டு ஒரு குப்பி கொடுத்தான்.
லேபிளில் ‘சதை நிறம்’.
திறந்தால் இளஞ்சிவப்பு.
அதில் பழுப்பு ஒரு சொட்டு,
என் முழங்கையோடு வைத்துப் பார்த்து
இன்னொரு சொட்டு,
கரண்ட் போனபின் டார்ச் வெளிச்சத்தில்
இன்னும் ஒன்று.
கண் வரையவில்லை.
நகத்தளவு ஆளுக்குக் கண் வைத்தால்
பேயைப் பார்த்தவன்போல் முழிப்பான்.
முண்டாசின் நிழல் போதும்.

இவர்களை எந்தக் கம்பெனியும் வார்ப்பதில்லை.
ஸ்பியோன் கோப் சண்டைக்குத்
துப்பாக்கிக்காரர்கள் கிடைக்கிறார்கள்,
பீரங்கி, கோவேறு கழுதை,
குதிரையிலிருந்து விழுகிறவன்கூடக் கிடைக்கிறான்.
கரும்புக்காட்டிலிருந்து போய்
அடிபட்டவர்களை டோலியில் சுமந்த
நம் ஆட்கள் இல்லை.
டோலிக்கு நால்வர். மூன்று டோலி.
துணிக்குப் பதில் டீ பையின் காகிதம்.

சனிக்கிழமை, டயர் கடை மாடி.
விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு பெக்கானி கேட்டான்,
‘இவர்களுக்கு எத்தனை புள்ளி?’
சுட மாட்டார்கள். பூஜ்யம்.
‘பிறகு எதற்கு?’
நான் ஒரு விதி சொன்னேன்,
அந்த நிமிடம் வாயில் வந்ததுதான்:
விழுந்தவனை டப்பாவில் போடக் கூடாது.
இவர்கள் வந்து தூக்கும்வரை
விழுந்த இடத்திலேயே கிடப்பான்.

கெர்ஹார்ட் சிரித்துக்கொண்டே பகடையை உருட்டினான்.
ஐந்தாவது சுற்றில் சிரிப்பு நின்றது.
மேசையில் நகர இடமில்லை.
அவன் ஆட்களே அவன் ஆட்களுக்குக் குறுக்கே
மல்லாந்து கிடந்தார்கள்,
ஒவ்வொருவனும் ஐம்பது ரேண்ட், பித்தான்வரை தீட்டியவன்.
டோலி ஒரு சுற்றுக்கு ஆறு அங்குலம்,
ஏற்றத்தில் மூன்று.
‘இந்தப் பக்கம், இந்தப் பக்கம்’ என்று
என் கம்பி மனிதர்களை அவன் கூப்பிட்டான்,
‘இவனை முதலில்.’
சுடுகிற முறை அவனுடையது.
அதை மறந்திருந்தான்.
நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆறு மணிக்குக் கடைக்காரர் ஷட்டரைத் தட்டினார்.
ஜெயித்தது யாரென்று எழுதாமலே மூட்டை கட்டினோம்.
முட்டை அட்டையில் அடுக்கும்போது
ஒருவனுக்குக் கணுக்கால் வளைந்துவிட்டது.
நிமிர்த்தலாம் என்று தலைகீழாய்த் திருப்பினேன்.
பாதத்துக்கு அடியில், கிளிப்பில், அழியாமல்
ரொட்டியின் கடைசித் தேதி:
மார்ச் 14.

மொத்தம் ஆயிரம் பேருக்கு மேல் போனார்களாம்.
எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று ரொட்டி.
பேருந்தில் கணக்குப் போட ஆரம்பித்து
வீடு வருவதற்குள்
பென்சிலைச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.