ஐம்பது கிலோ

மாங்குளம் சந்தி தாண்டி, மல்லாவி றோட்டில்,
ஆலை வாசலில் இருந்து ஒன்பது உழவு இயந்திரங்கள்.
பெட்டிகளில் காலபோக நெல், நெல்லின் மேல் தரப்பாள்,
தரப்பாளின் மேல் ஆட்கள்.
நிறைப்பாலம் மட்டும் வெறுமையாய்.

பழைய கணினி போன கிழமை இடியில் எரிந்தது.
சூரிச்சிலிருந்து வந்திருந்த முதலாளியின் மருமகன்
தன் மாக்கை மேசையில் வைத்துச் சொன்னான்:
"இதுக்குள்ளேயே விண்டோஸ் ஓடும், யசோ அக்கா.
எல்லாம் போட்டுவிட்டன்."
அடுத்த நாள் அவன் பிளேனில்.

நிறை வாசிக்கும் மென்பொருளுக்கு
விண்டோசைத் தவிர வேறு உலகம் தெரியாது.
அதை எழுதியவன் வவுனியாக் கடையை மூடி ஆறு வருசம்.

ஆக, வீட்டுக்குள் ஒரு வீடு.
உள்ளே இருப்பதற்குத் தான் உள்ளே இருப்பது தெரியாது.
தனக்கென்று ஒரு வட்டு, தனக்கென்று ஒரு மணிக்கூடு,
காணி உறுதி வைத்திருப்பது போல ஒரு தோரணை.

முதலில் எழும்பவே மறுத்தது.
நினைவகம் போதாதாம்.
எட்டில் ஏழைத் தூக்கி அதற்கு எழுதியிருக்கிறான் பொடியன்.
விருந்தாளிக்கு அறையெல்லாம் கொடுத்தால்
வீட்டுக்காரர் எங்கே படுப்பார்?
நாலாக்கினேன்.
நீல வெளிச்சம் வந்தது.

கேபிளைச் செருகினேன்.
சின்னப் பெட்டி ஒன்று முன்னால் வந்து கேட்டது:
இந்தச் சாதனம் யாருக்கு,
மாக்குக்கா, விண்டோசுக்கா?
இந்த மண்ணில் இந்தக் கேள்வியை
இவ்வளவு மரியாதையாய் எவரும் கேட்டதில்லை.
விண்டோசுக்கு என்று அழுத்தினேன்.
இனிமேல் கேட்கவேண்டாம் என்பதற்கும் ஒரு சரி போட்டேன்.

அப்படியும் பூச்சியம்.

வரிசையில் முதலாவதாய் நின்ற குலநாயகம்
யன்னல் கம்பியில் நாடியை வைத்து,
"உள்ளுக்க இருக்கிறவர் எழும்பிட்டாரோ, பிள்ளை?"
"எழும்பிட்டார். காதுதான் கேக்கேல்லை."
"அப்ப கத்திக் கூப்பிடு."

மின்சாரம் போனது.
மாக் தன் மின்கலத்தில் நின்றது,
தராசின் சிவப்பு எண்கள் அணைந்தன.
ஜெனரேற்றருக்கு டீசல் ஊற்றப் போன நிமலரூபன்
வழியில் ஒரு பீடியும் பற்றியிருப்பான்.
அந்த இடைவெளியில்தான் கண்ணில் பட்டது:
மென்பொருள் முதலாம் வாசலில் தட்டிக்கொண்டிருக்கிறது.
கேபிள் வந்து நிற்பதோ மூன்றாம் வாசலில்.
காலையிலிருந்து ஒன்றையொன்று பார்த்தபடி
இரண்டும் காத்திருக்கின்றன.

ஒன்றை அழித்து மூன்று என்று எழுதினேன்.
அவ்வளவுதான்.

ஜெனரேற்றர் உறுமியது, எண்கள் எரிந்தன.
திரையை நம்ப மனமில்லாமல்
நானே போய்ப் பாலத்தின் நடுவில் ஏறினேன்.
இரும்பின் சூடு செருப்பைத் தாண்டி வந்தது.
ஒன்பது பெட்டிகளும் என்னைப் பார்த்தன.
"அம்பது!" என்று யன்னலுக்குள்ளிருந்து கத்தினான் நிமலரூபன்.

கிளினிக் கொப்பியில் நான் ஐம்பத்துமூன்று.
லொறிகளுக்குச் செய்த பாலம், பத்துப் பத்தாய்த்தான் எண்ணும்.
மூன்று கிலோவை அது கண்டுகொள்ளவில்லை.
எனக்கும் அதில் மனவருத்தம் இல்லை.

பிறகு குலநாயகத்தின் பெட்டி ஏறியது.
சீட்டை வாங்கித் தூரமாய்ப் பிடித்து வாசித்தவர்
நிறையை விட்டுவிட்டு நேரத்தில் நின்றார்.
"ஏழரை எண்டு போட்டிருக்கு!
எனக்கு நடக்கிறது போதாதெண்டு இதுவுமோ?"

சுவரில் பன்னிரண்டு.
உள்ளே இருப்பவர் இன்னும் சூரிச்சில்.
நாலரை மணித்தியாலம் பின்னால்.

திருத்த எலியை நகர்த்தியவள் கையை எடுத்தேன்.
ஏழரைக்குத்தான் இவர்கள் வந்தார்கள்.

"சரியான நேரந்தான், அண்ணை.
அடுத்த பெட்டியை ஏத்தச் சொல்லுங்கோ."