மேல்கண்ணி

காலை ஆறரை. மஞ்சூர்ப் பூங்காவில்
என்னைத் தவிரப் பனிதான் இருக்கிறது.
முதல் வேலை சாணி அள்ளுவது.
ராத்திரி காட்டெருமை வந்து
ஊஞ்சல் கம்பத்தில் முதுகு சொறிந்துவிட்டுப் போகும்.
கம்பத்தைப் பிடித்து அசைக்கிறேன்,
பால்பல்லைத் தொட்டுப் பார்ப்பதுபோல.
ஆடுகிறது.

படிவத்தில் இரண்டே கட்டம்:
சரி. சரியில்லை.
சங்கிலியின் மேல்கண்ணி
நகத்தின் கனத்துக்குத் தேய்ந்திருக்கிறது.
நேற்று வரைக்கும் அது சரிதான்.
முந்தாநாள் என் கையெழுத்தும் அப்படித்தான் சொல்கிறது.

கவுன்சிலர் போனில்:
"சீசன் நேரம் மாதியம்மா, ஞாயிறு கூட்டம் வரும்.
ஒரு கண்ணிதானே?"
ஒன்றுதான் ஐயா.
பலகையும் பிள்ளையும் அதில்தான் தொங்குது.

நைலான் கயிற்றால் பலகையைத் தூக்கிக் கட்டினேன்.
அட்டையில் எழுதி மாட்டினேன்.
மழை பாதியைத் தின்றது,
மீதியை யாரும் படிக்கவில்லை.
கடைசியில் குடையோடு
நானே போய் அட்டையாக நின்றேன்.

எடக்காட்டு பஸ்ஸில் வந்த சிவப்பு ஸ்வெட்டர்க்காரி,
ஏழு வயசு இருக்கும்,
அழவில்லை. நாக்கை நீட்டினாள்.
நீட்டட்டும், நாக்கு முழுசாக இருக்கிறது.

மத்தியானம் சறுக்குமரத்தடி மணலைச் சலித்தேன்:
கண்ணாடிச் சில்லு ஐந்து, ஹேர்பின் ஒன்று,
யாருடையதோ ஒரு கோலிக்குண்டு.

பதிவேட்டில் 'விபத்து' என்றொரு பத்தி.
பதினோரு மாதமாக அதில் மை படவில்லை.
சம்பளம் அந்த வெள்ளைக்குத்தான் என்று
அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஊட்டியிலிருந்து செவ்வாய் வரவேண்டிய சங்கிலி
இன்று வெள்ளி, வரவில்லை.
சிவப்பு ஸ்வெட்டர் வந்திருக்கிறாள்,
கேட்டுக்கு வெளியே நின்று
என் கயிற்றின் முடிச்சுகளை எண்ணுகிறாள்.