நான்கு விரற்கடை

திரையில் அது ஒரு சின்ன வைரம்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள், எட்டு மணி நேரம்,
ஆட்கள் ஆறு, கிரேன் இரண்டு.
வடக்கிலிருந்து வரும் குழாயும்
தெற்கிலிருந்து வரும் குழாயும்
அங்கே கைகுலுக்கும் என்று
நெயுகென் நகரத்து மூன்றாம் மாடியில்
ஹீட்டர் ஓரமாக உட்கார்ந்து
நான்தான் வரைந்தேன்.

களத்தில் என் பெயர் செவ்வாய்க்கிழமை.
எதைக் கேட்டாலும் செவ்வாய்க்குள் முடியணும் என்பேனாம்.
லிசாந்த்ரோ என்று கூப்பிடுபவர்
சம்பளம் எண்ணித் தரும் பெலார்மினோ மட்டும்.

இருநூற்றுப் பதினொன்று. பிற்பகல் மூன்று மணி.
பள்ளத்தில் இரண்டு எஃகு வாய்கள்
எதிரெதிராய்த் திறந்து கிடந்தன.
படகோனியாவின் காற்று
தெயோவின் முக்காலியை இருமுறை கவிழ்த்தது.
இரண்டு மீட்டர் பதினாறு, என்றார் மூன்றாம் முறை.
வெட்டிடலாம், என்றேன்.

நெலிதா கயூபில் முகமூடியை மேலே தள்ளினாள்.
கையுறை கழற்றி
ரொட்டி வெந்ததா என்று பார்ப்பவள்போல்
குழாயின் முதுகில் உள்ளங்கை வைத்தாள்.
"இப்போ வெயில்ல நீட்டிப் படுத்திருக்கு.
ராத்திரி சுருங்கும்.
விடியறதுக்கு முன்னாடி அளங்க."

தெரியாதா எனக்கு?
முன்னூறு மீட்டர் இன்னும் மண் மூடாமல் கிடக்கிறது,
ஒரு டிகிரிக்கு எவ்வளவு நீளும் என்று
பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.
ஆனால் என் அட்டவணையில்
இரவுக்குப் பட்டை கிடையாது.

வெட்டினோம்.

விடியலில் புல்லெல்லாம் உறைபனி.
கிரேன் துண்டை மெல்ல இறக்கியது.
தெற்கு முனை உதடோடு உதடு பொருந்தியது.
வடக்கே
நான்கு விரற்கடை இடைவெளி.
அதன் வழியே
விடிவெள்ளி தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை.
சற்றுப் பொறுத்து, கிரேன் மேலிருந்து ரமிரோ:
"செவ்வாய் திங்கட்கிழமையே வெட்டிட்டாரு."
அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று அடித்தேன். அழித்தேன்.
நான் என்று அடித்தேன். அதையும் அழித்தேன்.
அளவுப் பிழை என்று
யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சொல்லை
அனுப்பிவைத்தேன்.

அன்றிரவு யாரும் கூடாரத்துக்குப் போகவில்லை.
ஒரே சுரைக்குடுவை மாத்தே கைமாறிக்கொண்டே இருந்தது,
ஒரே உறிஞ்சுகுழல்,
என் முறை வந்தபோது நெலிதா அதைத் துடைக்காமல் நீட்டினாள்.
நான்கு மணிக்குத் தெயோ அளந்தார்.
இரண்டு மீட்டர் இருபத்து மூன்று.

தார்ப்பாய்க்குள் அவள் வடக்கு முனையில்,
அபரீசியோ தெற்கு முனையில்.
வெயில் ஏறும்முன் முதல் அடுக்கு விழுந்தாக வேண்டும்.
வேர் என்பார்கள் அதை.
நீலச் சுடர் தார்ப்பாயைத் தாண்டிக் கசிய
வெளியே நின்றவர்களின் நிழல்கள்
நீண்டு, குறுகி, மீண்டும் நீண்டன.

மற்ற மூட்டுகளுக்கெல்லாம் தண்ணீர் சாட்சி.
நிரப்பி, அழுத்தி, ஒரு பகல் ஓர் இரவு வைத்துப் பார்த்தாயிற்று.
கடைசியாகச் சேரும் இந்த இரண்டுக்கும்
அந்தச் சோதனை இல்லை.
தங்க மூட்டு என்கிறோம் தொழிலில்,
தங்கம் ஒரு குன்றிமணிகூட இல்லை,
பெயர் அப்படி.
பிலிம் எடுக்கலாம். அவ்வளவுதான்.
பிலிமை விளக்குப் பலகையில் வைத்து
நெடுநேரம் குனிந்திருந்தாள் இருபே.
கொப்புளம் இல்லை, கசடு இல்லை.
"பொறாமையா இருக்கு" என்றாள், கையெழுத்துப் போட்டபடி.

மீந்த துண்டை ரமிரோ நெடுக்காகப் பிளந்து
நான்கு கால் வைத்தான்.
ஞாயிற்றுக்கிழமை அதில் ஓர் ஆட்டுக்குட்டி வெந்தது.
பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால்
என் பட்டப்பெயர்.
என் பிழையில் வெந்த கறி,
உள்ளதைச் சொன்னால், நன்றாகவே இருந்தது.

இப்போது வேறொரு குழாய், வேறொரு பாலை.
இரவு இரண்டிலிருந்து ஆறு வரை
ஒரு வெறும் பட்டை வரைந்திருக்கிறேன்.
ஆள் இல்லை, கிரேன் இல்லை, செலவு எண் இல்லை.
இது எதற்கு என்று கேட்டார் மேலாளர் எத்தெல்வினா.
இரும்பு குளிரும் நேரம், என்றேன்.

அவர் விரல் அழிக்கும் பொத்தான்மேல்
கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு போன் வந்தது, எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாளை காலை
கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.