பத்தொன்பது சதவீதம்

ஸ்டவாங்கரில் நவம்பர் மழை பக்கவாட்டில் பெய்யும்.
ஜன்னலுக்கு வெளியே, பழுதுபார்க்க இழுத்து வந்த
துளைமேடை ஒன்று மூன்று காலில் நிற்கிறது,
பிடித்த முயலுக்கும் அத்தனைதான் என்பதுபோல.

குன்வோரின் மேசையில் ஒரு நுரையடக்கி.
குப்பியில் இல்லை, படிவத்தில். நாற்பத்தொரு பக்கம்.
வணிகப்பெயரில் ஒரு கடற்பறவை,
உள்ளே பறவைக்குச் சம்பந்தமே இல்லை.
சேர்மானம் ஆறு. அதிலொன்று தண்ணீர்.
தண்ணீருக்கும் பதிவெண் கேட்கிறது படிவம்;
கொடுக்கிறாள்.
ஆறாவதன் பெயர் ஒட்டிய உறைக்குள்.
"பெருங்காய அளவு" என்கிறான்
தொலைபேசியில் ரங்வால்.

கடலில் கரைத்த பெருங்காயம்
என்று சொல்லிவிட்டால் முடிந்தது.
கரைந்ததா என்று கேட்கத்தான்
அவளுக்குச் சம்பளம்.

எழுபத்திரண்டு மணி நேரம் பாசி வளர்ந்தது.
நாற்பத்தெட்டு மணி நேரம்
கடுகிலும் சிறிய துடுப்புக்காலிகள் நீந்தின, பெரும்பாலும்.
சேற்று இறாலுக்குப் பத்து நாள்.
ஆய்வுக்கூடத்தில் யாரோ குனிந்து எண்ணியிருக்கிறார்கள்:
இருபதில் பதினெட்டு.
இரண்டைக் காணவில்லை.
*காணாமற்போனவை இறந்தவையாகக் கொள்ளப்படும்.*

இந்த வாக்கியம் அவளுக்குப் புதிதல்ல.
ஒருமுறை தபாலில் வந்தது,
அம்மா பெயருக்கு.

அடுத்த பக்கம்.

இருட்டில் வைத்த புட்டி, இருபத்தெட்டு நாள்,
நுண்ணுயிர்கள் தின்று தீர்த்தது பத்தொன்பது.
இருபதைத் தொட்டிருந்தால் மஞ்சள்.
தொடவில்லை, ஆகவே சிவப்பு.
சிவப்பென்றால் தடை அல்ல;
வேறு தேடு, வருடாவருடம் காரணம் எழுது,
அவ்வளவுதான்.

"ஒரே ஒரு சதவீதம், குன்வோர்.
இது இல்லாவிட்டால் பிரிகலத்தில் நுரை பொங்கும்,
வால்வு மூடும், மேடை நிற்கும்.
இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாமே."

அவன் சொல்வது பொய்யில்லை.
மகன் நீந்தப் பழகும் குளத்தின் வெந்நீர்கூட
அந்த மேடை கட்டிய வரிதான்.
பத்தொன்பது என்பதும் பொய்யில்லை.
அழிப்பான் தேய்த்த தாள் மாதிரி
ஒரு மௌனம், கம்பியின் இரு பக்கமும்.

"வைத்துப் பாருங்கள்," என்றாள்.
"இரண்டு முடிவையும் அனுப்புங்கள்.
ஒன்றை மட்டும் அல்ல."

சிரித்தானா, இருமினானா, தெரியவில்லை.
சிவப்பைத் தேர்ந்தாள். திரை கேட்டது:
உறுதியா?
அதற்குள் காபி ஆறியிருந்தது.

இரவு, வீட்டில், மீன் பொரித்த சட்டி.
பச்சைத் திரவம் இரண்டு சொட்டு,
தொட்டி நிறைய நுரை.
புட்டியைத் திருப்பிப் பார்க்கிறாள்:
எலுமிச்சை படம், எழுத்து மிகச் சிறிது,
"முப்பது சதவீதத்துக்கும் குறைவாக" ஏதோ.
உறை இல்லை, இறால் இல்லை, எண்ணியவர் இல்லை.

அடைப்பை எடுக்கிறாள்.
வளைகுடாவுக்குப் போகும் வழியில் அது
ஒரு தடவை ஏப்பம் விடுகிறது.